மைக்ரோ என்று தொடங்கும் சொல்

செப்டம்பர் 4, வியாழன்

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கேனுக்குப் போனேன். ஏழாம் மாதம் நடக்கிறது. டாக்டர் ஹேமலதா எப்போதும் பேசிக்கொண்டே பார்ப்பவர். "இதோ பாருங்க, வாயில வெரல வெச்சிருக்கு, பசிக்குதாட்ட" என்று போன முறை சிரித்தார். இன்று பேசவில்லை. திரையில் தலையைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டார், அழித்தார், மறுபடியும் போட்டார். இந்த அமைதி எனக்குத் தெரியும். மண் பரிசோதனை நிலையத்தில் ரீடிங் சரியாக வராதபோது எங்கள் ரெஜினா மேடமும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வார்.

"மூணு தடவ பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டேன். எந்த மண்ணையும் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நாங்கள் எழுதுவோம். பழக்கத்தில் வந்துவிட்டது.

"நாலு தடவ பாத்துட்டேன்மா" என்றார் அவர். "கை, கால், வயிறு எல்லாம் வாரத்துக்குச் சரியா இருக்கு. தலை மட்டும் சின்னதாத் தெரியுது. அஞ்சாம் மாசம் நார்மலாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் பின்தங்குது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, இன்னொருக்காப் பாத்துக்கலாம்."

அப்புறம் டைப் அடிக்கும் பெண்ணிடம் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, பக்கத்தில் கேள்விக்குறி போடச் சொன்னார். மைக்ரோ என்று தொடங்கியது. மிச்சப் பாதியை எழுத மாட்டேன். எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றுகிறது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் எழுதுகிற வாக்கியமா இது!

"உங்க ரெண்டு வீட்டுலயும் யாருக்காச்சும் தலை சின்னதா இருக்குதுங்களா?"

நான் என் அப்பா, சித்தப்பா, தம்பி என்று ஒவ்வொரு தலையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், பூபாலன் மாமா, சொல்லிவிட்டார். "இல்லீங் மேடம். எங்க பக்கம் அப்படி ஒருத்தருமே இல்லீங்."

வெளியே வந்து அவர் ஹெல்மெட்டை எடுத்தபோது உள்ளே மடித்து வைக்கும் துண்டு கீழே விழுந்தது. உதறி மறுபடி வைத்து மாட்டிக்கொண்டார். கடைக்காரன் தப்பான சைஸைக் கொடுத்துவிட்டான் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து திட்டுகிறார், மாற்றத்தான் நேரமில்லை. ரவுண்டானாவில் போலீஸ்காரர்கள் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம், தலைக்கவசம் அணிவீர். அதைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டோம். இன்னும் பத்து நாளில் கட்டுச்சோறு விருந்து, எங்கள் பக்கத்து வளைகாப்பு. நாலு ஊர் சனத்தைக் கூப்பிட்டிருக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அத்தைதான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

காலையில் அத்தை பரண் மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். பிறக்கும் குழந்தைக்கு முன்கூட்டியே எதுவும் வாங்கக் கூடாதாம். ஆனால் முதலில் உடுத்திவிடப் பழைய துணிதான் வேண்டுமாம். இவர் பிறந்தபோது போட்டதையெல்லாம் பாச்சை உருண்டை போட்டு எடுத்து வைத்திருக்கிறார். ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு துண்டுத் துணி, ஒரு மஞ்சள் கம்பளிக் குல்லா. குல்லா சாத்துக்குடிக்குப் போடுகிற அளவில் இருந்தது. சின்னதாக எதையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"பாரு அம்முணி, நானே பின்னுனது" என்று அத்தை அதை என் கையில் வைக்க வந்தார். இவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அதயெல்லாம் எதுக்கும்மா இப்ப எடுத்துட்டு! உள்ள வைங்க!"

"ஏன்டா சாமி, இப்படிக் கத்தறே?"

"வைங்கங்கறேன்ல!"

அவர் குரலை அவ்வளவு உயர்த்தி நான் கேட்டதில்லை. மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் பையன்களைக்கூட அதட்டாத மனிதர். பாவம், அவருக்கும் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை பெட்டியைப் பூட்டினார்.

செப்டம்பர் 8, திங்கள்

என் மேசை முழுக்க அந்தச் சொல் கிடக்கிறது. இத்தனை வருடம் அது கண்ணில் பட்டதே இல்லை. மைக்ரோ பிப்பெட், மைக்ரோ கிராம், மைக்ரோஸ்கோப், மைக்ரோ நியூட்ரியன்ட். சுவரில் நானே எழுதி ஒட்டிய தாள்: நுண்ணூட்டச் சத்துகள், துத்தநாகம், இரும்பு, போரான். வீட்டுக்குப் போனால் அம்மா வீட்டுத் தீபாவளிச் சீரில் வந்த மைக்ரோ ஓவன், அத்தை அதன்மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார்.

ரெஜினா மேடம் கேட்டுவிட்டார். "ஏம்மா வான்மதி, காலைல இருந்து அந்தக் குட்டிக் குழாயக் குடு, குட்டிக் குழாயக் குடுங்கறே. பேரு மறந்து போச்சா?"

"வாய்ல வரலீங் மேடம்" என்றேன். நிஜம்தான்.

மத்தியானம் கூகலூரிலிருந்து நஞ்சப்பன் ஐயா வந்தார். நெல் நட்டு ஒரு மாதத்தில் பயிர் துருப்பிடித்த மாதிரி நிற்கிறதாம். மண்ணில் துத்தநாகம் குறைவு என்று முடிவு சொன்னேன்.

"ஏனுங் அம்மணி, இந்த மைக்ரோ மைக்ரோங்கறாங்களே, அப்படின்னா என்னதாங்க?"

இந்தக் கேள்வியை மாதம் பத்துப் பேர் கேட்பார்கள். பாடமாகப் பதில் வைத்திருக்கிறேன். கணக்கில் சொன்னால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு மைக்ரோ கிராம். அதில் கூடுதல் குறைவு கிடையாது. ஆனால் வேறு சொற்களுக்கு முன்னால் வரும்போது அவ்வளவு கறார் இல்லை. வெறுமனே சின்னது, கண்ணுக்கு எட்டாதது, கொஞ்சமே போதுமானது என்றுதான் அர்த்தம். மைக்ரோ சத்து என்றால் சிட்டிகை போதும், ஆனால் அந்தச் சிட்டிகை இல்லாவிட்டால் மூட்டை மூட்டையாக யூரியா போட்டாலும் பயிர் எழாது. இதைச் சொல்லிவிட்டு வழக்கமாகக் கொஞ்சம் பெருமையாக நிமிர்ந்து உட்காருவேன்.

இன்று "சின்னதுன்னு அர்த்தமுங்" என்று மட்டும் சொன்னேன்.

"அட, அவ்வளவுதானுங்களா? கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்" என்று சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனிதர். எழுந்து பின்கட்டுக்குப் போய், மண் காயவைக்கிற தட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

செப்டம்பர் 10, புதன்

போனில் தேடினேன். படங்கள் வந்தன. போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். சாயங்காலம் அத்தை அரிசி அளக்கப் போனவர், "இதென்னடி, போனு அரிசி தின்னுட்டு இருக்குது?" என்றார்.

குழந்தை நன்றாக உதைக்கிறது. உதைப்பது கால்தானே. தலை என்ன செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செப்டம்பர் 14, ஞாயிறு

கட்டுச்சோறு விருந்து. புரட்டாசி பிறந்துவிட்டால் விசேஷம் வைக்க முடியாது என்பதால் ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் வைத்தார்கள். அம்மா வீட்டிலிருந்து புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, கூடவே எள்ளுருண்டை. கை நிறைய வளையல். வருகிறவர்கள் எல்லோரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து "நல்லபடியாப் பொறக்கோணும்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சிரித்தேன். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன் என்கிறார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் இவருடைய பெரியம்மா, அந்தியூரிலிருந்து வந்தவர், இலை முன்னால் உட்கார்ந்து சத்தமாக ஆரம்பித்தார். "எங்கீடா எங்க சுண்டக்கா? அப்பனாகப் போறவனை முன்னால வரச் சொல்லுங்க பாக்கலாம்!"

நான் யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் கையில் இருந்த தண்ணீர் ஜக்கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"சொன்னாக் கோவம் வந்துருது. அவங்கப்பனுக்கும் பட்டப்பேரு அதுதான், இவனுக்கும் அதுதான். கண்ணாலத்துல உருமால் கட்டறப்ப மூக்கு வரைக்கும் எறங்கி நின்னுச்சே, மறந்துட்டீங்களா?" என்றார் பெரியம்மா.

மறக்கவில்லை. மணவறையில் தாய்மாமன் கட்டிய உருமால் தலைப்பாகை வழுக்கி இறங்கி இவர் கண்ணை மூடியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மாமன் கட்டத் தெரியாமல் கட்டிவிட்டார் என்று அன்று நினைத்தேன்.

தலை வலிக்கிறது. இன்று வேறு எதையும் யோசிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னாலிருந்து அவர் தலையைச் சுற்றிப் பிடித்தேன். எப்போதும் வளர்த்து வைத்திருக்கும் புசுபுசு முடியை அழுத்தினால் உள்ளே அவ்வளவுதான் தலை இருந்தது. ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அவர் அசையவில்லை. மறுபடி அளந்தேன். மறுபடியும். மூன்று முறையும் அதேதான். என் தலையை அளந்தேன். அவரைவிட என்னுடையது பெரியது.

"ஹெல்மெட்டுல எதுக்குத் துண்டு வெக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. "அஞ்சாங்கிளாஸ்ல வாத்தியாரே அப்படித்தான் கூப்புடுவாரு. சுண்டக்கா, எந்திரிச்சுப் பதில் சொல்றா. பதில் தெரியாதுன்னா, அந்தத் தலைல எங்க எடமிருக்கும்பாரு. ஸ்கூலே சிரிக்கும். அப்பறம் தெரிஞ்ச பதிலக்கூடச் சொன்னதில்ல. முடிய வளத்துட்டேன். உன்னயப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கிக்கூட, யாரும் அந்தப் பேரச் சொல்லக் கூடாதுன்னு பெரியம்மாட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்தேன்."

"அந்த டாக்டரம்மா கேட்டப்ப?"

"வாய் தானா இல்லீங்கன்னு சொல்லிருச்சு வானு. அப்பறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னும் தெரியல. இருந்தா... என்னாலதானே கொழந்தைக்கு இப்படிங்கற பயம்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பத்து நாளாக நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். டேப்பை அவர் மேல் வீசினேன். "மூணு ஃபேஸ் மோட்டாருக்குக் காயில் கட்டற மனுசனுக்கு மூளை இல்லைன்னு எவன்டா சொன்னான்!" என்று கத்தினேன். கட்டின புருஷனை டா போட்டுவிட்டேன். போட்டது வாத்தியாரைத்தான் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

அவர் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷப்படலாமா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. உடனே கதவைச் சாத்திவிட்டேன். ஒரே ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு யாரும் முடிவு எழுதுவதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஸ்கேன். தலை வளர்ந்திருக்கிறது, ஆனால் கோட்டுக்குக் கீழேயேதான் போகிறது. இந்த முறை இவராகவே முன்னால் வந்தார். "மேடம், அன்னிக்கி நான் சொன்னது தப்புங். என்ற தலையும் சின்னதுதானுங், எங்கப்பாவுதும் சின்னதுதானுங்" என்று ஒரே மூச்சில் சொன்னார். உள்ளே துண்டு வைத்த ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை இதுவரை இவ்வளவு பிடித்ததில்லை எனக்கு.

டாக்டர் டேப் வைத்து அளந்தார். அளவை என் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

"ஏங்க அன்னிக்கே சொல்லல?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது நோயோட பேர் இல்லம்மா. ஒரு அளவுக்குக் கீழ இருந்தா நாங்க எழுதற வார்த்தை, அவ்வளவுதான். எதனால சின்னதுங்கறத அந்த வார்த்தை சொல்லாது. மூளை அமைப்பு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லா இருக்கு. அப்பா மாதிரி வந்திருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். பொறந்து, முகம் பாத்துச் சிரிச்சு, தலை நின்னு, அதெல்லாம் பாத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். நான் சத்தியம் பண்ணித் தர மாட்டேன்."

சத்தியம் பண்ணித் தந்தால் என்ன குறைந்தா போய்விடுவார் என்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், பண்ணித் தந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்று முழுதாக எழுதுகிறேன். மைக்ரோசெஃபாலி. சின்னத் தலை. யாரை விடச் சின்னது என்று அதில் எங்கேயும் இல்லை. என் மைக்ரோ கிராமுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மகனைக் கேட்பார், மகன் மறுபடி அந்த வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. இன்று உதை குறைவாக இருக்கிற மாதிரி இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு இடப்பக்கம் படுத்தேன். உதைத்தது. வியர்த்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டில் லட்சுமி வெடி வைத்தார்கள். உள்ளே குழந்தை திடுக்கிட்டது, கையை வைத்தால் தெரிகிற அளவுக்கு. இவர் ஓடிப் போய்ப் பட்டாசு விடுகிற பையன்களைத் திட்டப் பார்த்தார். நான் தடுத்துவிட்டேன். "இன்னொன்னு வெக்கச் சொல்லுங்க" என்றேன். அதற்கும் திடுக்கிட்டது. காது கேட்கிறது. காது கேட்டால் அதைக் கேட்கிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அப்படித்தானே? யாரிடம் கேட்பது?

நவம்பர் 3, திங்கள்

இன்று முதல் லீவு. நஞ்சப்பன் ஐயா வந்து, பயிர் பச்சை பிடித்துவிட்டது என்று சொல்லி ஒரு சீப்பு கதலி கொடுத்துவிட்டுப் போனாராம். ரெஜினா மேடம் கொடுத்தனுப்பினார்.

நவம்பர் 12, புதன்

வலி வருகிற மாதிரி இருக்கிறது. பயம். பயம். அவ்வளவுதான் எழுத முடியும்.

நவம்பர் 16, ஞாயிறு

பெண் குழந்தை. வியாழன் காலை பிறந்தாள். உடனே அழுதாள். நான் அந்த அழுகையை எடைபோட்டுக்கொண்டே கிடந்தேன், சரியான அழுகைதானா என்று. நர்ஸ் தலையைச் சுற்றி டேப் வைத்தார். முப்பத்தொன்றரை என்று சொல்லி, டாக்டர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நானும் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் குல்லா போட்டுவிட்டார்கள். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரே சைஸாம். மூக்கு வரை இறங்கிவிட்டது. நர்ஸ் மேலே தூக்கிவிட்டார், மறுபடி இறங்கியது. நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தார்.

அத்தை குனிந்தார். குல்லாவைக் கழற்றினார். உள்ளங்கையைத் தலை மேல் வைத்து அப்படியே நின்றார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

"அடி என்ற சுண்டக்காயி! அப்பனையே உரிச்சு வெச்சுருக்கறாளே!"

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

அத்தை சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மஞ்சள் குல்லாவை எடுத்தார். எப்போது பெட்டியைத் திறந்தார் என்று தெரியாது. போட்டுவிட்டார். காதுக்கு மேல், புருவத்துக்கு மேல், அளந்து பின்னினது போல உட்கார்ந்தது.

"இதுக்கா ரெண்டு பேரும் ரெண்டு மாசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்சீங்க?" என்றார். அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "நானும் பயந்தவதான் கண்ணு. இவன் பொறந்தப்ப ஊரே எட்டிப் பாத்துட்டுப் போச்சு. இவன் என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல."

குழந்தை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு எல்லாம் சரி, மாதாமாதம் வாருங்கள் என்றார். இப்போதைக்கு. அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒரு மாதம் ஆகிவிட்டது. பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், அழுகிறாள். விளக்கைப் பார்க்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை. தூக்கத்தில் சிரிக்கிறாள். அது கணக்கில் சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் பட்டறையிலிருந்து மத்தியானமே வந்துவிடுகிறார், வந்து அவள் முன்னால் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் அவரைத் தாண்டி மின்விசிறியைப் பார்க்கிறாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்று இவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். ஒட்ட வெட்டியிருந்தார். இத்தனை வருடமாக ஒளித்து வைத்திருந்த தலை வெயிலில் பளபளத்தது. "கொழந்தைக்கு அடையாளம் தெரியட்டும்னுதான்" என்று முனகினார். அத்தை பார்த்துவிட்டுத் திருஷ்டி கழித்தார்.

குழந்தையை என் மடியில் மல்லாக்கப் போட்டிருந்தேன். மஞ்சள் குல்லா நழுவிக் கிடந்தது. இவர் எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "சுண்டக்கா" என்று கூப்பிட்டார். அந்தப் பேரை வைத்து அவரே ஒருவரைக் கூப்பிடுவதை இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

அவள் மின்விசிறியை விட்டுவிட்டு அவர் முகத்துக்கு வந்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் வாய் கோணி, பொக்கை வாய் முழுக்கத் திறந்து, சிரித்தாள்.

"வானு!" என்றார் அவர்.

"பேசாதீங்க" என்றேன். "தள்ளிப் போயிட்டு மறுபடி வாங்க."

அவர் கதவு வரை போய்த் திரும்பி வந்து குனிந்து கூப்பிட்டார். சிரித்தாள்.

"இன்னொருக்கா."

மறுபடியும் போனார், வந்தார். அழுதுகொண்டிருந்ததால் பேர்கூட வாயில் வரவில்லை, வெறும் முகத்தைத்தான் காட்டினார்.

மூன்று முறையும் சிரித்தாள். எழுதிவிட்டேன்.